ஏரிக்கரையில் நின்றுபோன புள்ளி

எங்கள் வீட்டுக் கூரையை நான் முதன்முதலாக மேலே இருந்து பார்த்தது என் மகளின் கம்ப்யூட்டரில்தான். அவள் பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறாள். வானத்திலிருந்து எடுத்த படத்தைத் திரையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கூரையையும், கிணற்றையும், வண்டிப் பாதையையும் சுற்றிக் கோடு இழுக்க வேண்டும். ஒரு நாள், "அப்பா, இங்க வாங்க. இது யாரு வீடுன்னு சொல்லுங்க பாப்போம்" என்றாள். நீலத் தண்ணீர்த் தொட்டி, பக்கத்தில் காயப்போட்ட சிவப்புப் போர்வை. எங்கள் வீடு! சாமி பார்க்கிற இடத்திலிருந்து நாம் பார்க்கிறோமே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து ஓசூரில் ஒரு சின்னப் பட்டறையில் பிரஸ் மிஷின் ஓட்டுகிறேன். ராயக்கோட்டை ரோட்டை ஒட்டிப் போட்ட மனைகளில் கடைசி வரிசையில் கடைசி வீடு எங்களுடையது. மற்ற மனைகளைவிட இது சல்லிசாகக் கிடைத்தது. ஏன் சல்லிசு என்று குடிவந்த பிறகுதான் தெரிந்தது. பின்சுவருக்கு அப்பால் ராகிக் கொல்லை, அதற்கு அப்பால் ஏரி, ஏரிக்கு அப்பால் சானமாவுக் காடு. ராகி முற்றுகிற காலத்தில் கர்நாடகப் பக்கமிருந்து யானைகள் வந்து அந்தக் காட்டில் தங்கும். பகலெல்லாம் காட்டுக்குள் நிற்கும். இருட்டினால் கொல்லைக்கு இறங்கும். விடிந்து வெளுப்பதற்குள் திரும்பும். அந்தத் திரும்புகிற நேரம்தான் என் மனைவி வேலைக்குக் கிளம்புகிற நேரம்.

அவள் பூக் கம்பெனியில் இருக்கிறாள். ஏரியின் அந்தக் கோடியில் பிளாஸ்டிக் கூடாரம் போட்டு ரோஜா வளர்க்கிறார்கள். வெயில் ஏறுமுன் பூ அறுத்தாக வேண்டும். சேலைக்கு மேல் என்னுடைய பழைய பட்டறைச் சட்டையை மாட்டிக்கொண்டு போவாள், கையில் முள் கிழிக்காமல் இருக்க. ஏரிக்கரை மேலே நடந்தால் கால் மணி நேரம். மெயின் ரோட்டைச் சுற்றிக்கொண்டு போனால் முக்கால் மணிக்கு மேல் ஆகும்.

முந்தின வருஷம் பக்கத்து ஊரில் பால் ஊற்றப் போன ஒருவர் வீடு திரும்பவில்லை. நான் போய்ப் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் சொன்னதைக் கேட்டதே போதுமாக இருந்தது. அன்றிலிருந்து என் மனைவி படியிறங்கிப் போய், "வந்து சேந்துட்டேன்" என்று ஃபோன் பண்ணுகிறவரை நான் காப்பியைத் தொட மாட்டேன். பூஜையறையில் பிள்ளையார் முன்னால் உட்கார்ந்திருப்பேன். வாய் மந்திரம் சொல்லும், காது ஃபோன்மேல் இருக்கும்.

இதைப் பார்த்துத்தான் என் மகள் அந்த மேப்பைப் போட்டாள்.

கம்பெனி வேலை முடிந்த பிறகு, தனக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக வரைந்தாள். தெரு நம்பர், சர்வே நம்பர் எதுவும் அதில் கிடையாது. 'பம்ப்செட் முக்கு', 'உடைஞ்ச பாலம்', 'பூக் கம்பெனி கேட்' என்று நாங்கள் வாயில் சொல்கிற பேர்கள்தான். காட்டுக்குக் கரும்பச்சை, முற்றின ராகிக்குப் பழுப்பு, அறுத்த கொல்லைக்கு வெளிர் மஞ்சள். யானையைப் பார்த்த இடத்தில் ஒரு பாதத் தடம் வைக்கலாம். வைத்ததும் செக்கச்சிவப்பாக இருக்கும், மணி ஆக ஆக வெளுத்துக்கொண்டே போய் மறுநாள் காணாமல் போய்விடும். ஒற்றை யானை என்றால் ஒரு தடம், கூட்டம் என்றால் மூன்று, குட்டி இருந்தால் பக்கத்தில் ஒரு சின்னத் தடம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொண்டார்கள். அம்மாவுக்கு மட்டும் தனியாக ஒரு புள்ளி, ரோஜா நிறத்தில். அவள் ஃபோன் எங்கே நகர்கிறதோ அங்கே அதுவும் நகரும்.

முதலில் டீக்கடையில் கேலிதான்.

"என்னண்ணே, உம் பொண்ணு யானைக்கு பஸ் ரூட்டு போட்டுக் குடுக்குதாமே? டிக்கெட்டு யாரு கிழிக்கிறது?" என்றான் டீ போடுகிறவன்.

"நீயே போ. ஒன் தொப்பையப் பாத்தா சொந்தக்காரன்னு நெனச்சு விட்டுரும்" என்றேன்.

ஆனால் ஒரே மாதத்தில் எங்கள் வரிசை முழுக்க, பூக் கம்பெனிப் பெண்கள் முழுக்க அந்த மேப்பைத்தான் பார்த்தார்கள். தடம் வைக்கப் பத்துப் பேர், ஆளுக்கு ஒரு பக்கம். எங்கள் பின்சுவரும் கொல்லை ஓரமும் என் பொறுப்பு. மகள் எல்லோரிடமும் ஒன்றையே திருப்பித் திருப்பிச் சொன்னாள்: "காதுல கேட்டத வைக்காதீங்க. கண்ணால பாத்தா வைங்க. பாத்த ஒடனே வைங்க."

பாத்த உடனே. அதில்தான் நான் தவறினேன்.

கொல்லைக்காரர் கன்னடம் பேசுகிறவர், என் வயதுதான் இருக்கும். யானை என்ற சொல்லே அவர் வாயில் வராது. 'அவரு' என்பார், 'ஸ்வாமி' என்பார். நாங்கள் குடிவந்த புதிதில் ஒரு காலை அவர் கொல்லையில் தடம் கிடந்தது. நான் சத்தம் போடப் போனேன். அவர் வாயில் விரல் வைத்துவிட்டு, ஒரு கூடையை எடுத்துவந்து தடத்தை மூடினார். "மொதல்ல அவருக்கு மரியாதை. தேங்கா ஒடைச்சு கற்பூரம் காட்டினதுக்கு அப்புறம்தான் வாயில பேச்சு. அதுக்கு முன்னாடி சொன்னா திரும்பக் கூப்புட்ட மாதிரி ஆயிடும்" என்றார். சின்ன வயதிலிருந்து பிள்ளையாரைக் கும்பிட்டு வளர்ந்தவனுக்கு அந்த வார்த்தை நெஞ்சில் ஒட்டிக்கொண்டது. மேப்பு வந்த பிறகும் இரண்டு முறை அப்படித்தான் செய்தேன். கூடை, கோயில், கற்பூரம், கடைசியில் ஃபோன். கால் மணிக்கு மேல் தாமதம் இல்லை, ஒன்றும் ஆகவும் இல்லை. மகளிடம் சொல்லவில்லை.

மார்கழியில் ஒரு நாள். பிள்ளையாருக்கு அருகம்புல் பறிக்க டார்ச்சோடு பின்பக்கம் போனேன். பனி மூடிக் கிடந்தது. சுவரிலிருந்து பத்தடியில், சொட்டுநீர்க் குழாய் உடைந்து நனைந்த மண்ணில், தாம்பாளம் அளவுக்கு ஒரு தடம். ஓரம் இன்னும் சரியவில்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதற்குள் தண்ணீர் ஊறியது. அடுத்த தடமும் அதற்கடுத்ததும் ஏரியைப் பார்த்துப் போயிருந்தன.

ஃபோன் என் சட்டைப் பையில்தான் இருந்தது. கை அதைத் தொடக்கூட இல்லை. முற்றத்திலிருந்த கூடையை எடுத்து முதல் தடத்தை மூடினேன். உள்ளே வந்தேன். என் மனைவி அடுப்படியில் நின்றிருந்தாள். முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னங்க, பேயடிச்ச மாதிரி இருக்கீக?" என்றாள்.

"கோயிலுக்குப் போய்ட்டு வாரேன்" என்று மட்டும் சொன்னேன். அவள் கிளம்ப இன்னும் அரை மணி இருக்கிறது, அதற்குள் வந்துவிடலாம் என்பது என் கணக்கு. கோயில் இரண்டு தெரு தள்ளித்தான்.

அன்று கம்பெனியில் சீக்கிரம் வரச்சொல்லியிருந்தார்கள். இங்கிலீஷ் வருஷப் பிறப்புக்குப் பூ லோடு போகிறது. முந்தின நாள் சாயங்காலமே சொன்னாள். 'ம்' கொட்டினேன், மனதில் ஏற்றவில்லை.

தேங்காய் உடைத்து, கற்பூரத் தட்டோடு திரும்பி வந்தபோது அடுப்பு அணைந்திருந்தது. ஆணியில் சட்டை இல்லை. மகள் போர்வையைப் போர்த்திக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா எங்க?"

"அப்பவே போயிட்டாங்களே. மேப்பு க்ளீனா இருக்கு, ஏரிக்கரையிலயே போய்க்கிறேன்னாங்க."

தட்டை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கூடையைச் சொன்னேன், தடத்தைச் சொன்னேன். எந்தப் பக்கம் போயிருக்கிறது என்பதையும் சொன்னேன். அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை. திரும்பி, கொல்லை ஓரத்தில் ஒரு சிவப்புத் தடத்தை வைத்தாள். பிறகு விரலால் ஏரிக்கரையைக் காட்டினாள். ரோஜாப் புள்ளி அங்கே மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்தது. பம்ப்செட் முக்குக்கு வந்தது. நின்றது.

பார்த்துக்கொண்டே இருந்தோம். அது அசையவில்லை.

ஃபோனை எடுத்தேன். மகள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். நகம் பதிந்தது.

"போடாதீங்கப்பா. அம்மா ஃபோன் சைலன்ட்ல இல்ல. அந்தப் பிள்ளையார் பாட்டு, ஃபுல் சவுண்டுல அடிக்கும்."

அந்தப் பாட்டை வைத்துக் கொடுத்தது நான்தான். கூடாரத்துக்குள் கேட்காது என்று அவள் சொன்னதால் சத்தத்தைக் கடைசிவரை ஏற்றி வைத்ததும் நான்தான்.

மகள் கொல்லைக்காரரைக் கூப்பிட்டாள், வனத்துறைக் காவலரைக் கூப்பிட்டாள். "பட்டாசு வேணாம்மா. வெரட்டினா ஏரிப் பக்கந்தான் போவாரு. நான் வர்றேன்" என்றார் கொல்லைக்காரர். காவலர் வர இருபது நிமிஷமாவது ஆகும். நான் எழுந்தேன். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு திரையையே பார்த்தபடி நின்றேன். ஒரு புள்ளியிலிருந்து என்ன தெரியும்? அவள் நிற்கிறாளா, ஒளிந்திருக்கிறாளா, கிடக்கிறாளா, எல்லாவற்றுக்கும் அதே புள்ளிதான். ஃபோன் கீழே விழுந்து கிடந்தாலும் அதே புள்ளிதான்.

"போங்கப்பா. நான் இதப் பாத்துக்கிட்டிருக்கேன். நகந்தா மெசேஜ் போடுறேன்" என்று மகள் என் முதுகில் கைவைத்துத் தள்ளினாள்.

கொல்லைக்காரர் அறுத்துக் குவித்திருந்த ராகிப் போருக்குப் பின்னால் காத்திருந்தார். நானும் போய்ப் பக்கத்தில் குந்தினேன். பனிக்குள் எதுவும் தெரியவில்லை. ராகித் தாளைக் கொத்தாகப் பிடுங்கி, மண் போகக் காலில் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிடுங்கல், தட்டல், மெல்லல். பிறகு பனி கொஞ்சம் விலகியது. தனியாக நின்ற ஒரு கொம்பன் யானை. அதற்கு அந்தப் பக்கம் முப்பதடியில் பம்ப்செட் அறை. தகரக் கதவு பாதி திறந்திருந்தது.

நான் பிள்ளையாரைக் கூப்பிட்டேன். கூப்பிடும்போதே எனக்குக் குழப்பம் வந்துவிட்டது. யாரிடமிருந்து காப்பாற்றச் சொல்கிறேன், யாரிடம் சொல்கிறேன்? முன்னால் நிற்கிறதும் அதே தும்பிக்கை, அதே காது. வேண்டுதல் பாதியில் நின்றது. 'அவள விட்ரு, அவள விட்ரு' என்று அதைப் பார்த்தே மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் பாட்டு கேட்டது.

பம்ப்செட் அறைக்குள்ளிருந்து, ஏரி முழுக்கக் கேட்கும்படி, பிள்ளையார் பாட்டு. மகள் செய்யவில்லை, நான் செய்யவில்லை. லேட்டாகிறதே என்று பூக் கம்பெனி சூப்பர்வைசர் கூப்பிட்டிருக்கிறார். கொல்லைக்காரர் என் தோளை இறுக்கினார். கொம்பன் மெல்லுவதை நிறுத்தியது. விசிறிக்கொண்டிருந்த காது அப்படியே விரிந்து நின்றது. தலை அறையைப் பார்த்துத் திரும்பியது.

பாட்டு ஒரு வரி போனது. இரண்டாவது வரியின் நடுவில் சட்டென்று அறுந்தது.

தானாக நிற்கிற பாட்டு இல்லை அது. ஒரு விரல் நிறுத்தியிருக்கிறது. அவள் விரல். எனக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. வாயில் துண்டைத் திணித்துக்கொண்டேன். ஏனென்றால் கொம்பன் இரண்டு அடி அறைப் பக்கம் எடுத்து வைத்துவிட்டது. தும்பிக்கையை நீட்டிக் கதவுத் தகரத்தைத் தொட்டது. தகரம் ஒரு தரம் கிறீச்சிட்டது. உள்ளே ஒரு மூச்சுச் சத்தமும் இல்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றது என்று கேட்டால் நான் எதைச் சொல்ல? காட்டுப் பக்கமிருந்து இன்னொரு யானை பிளிறியது. கொம்பன் தலையை ஆட்டியது, வாயில் மிச்சமிருந்த தாளை மென்றது, பின் அவசரமே இல்லாமல் கரையேறி இறங்கிப் பனிக்குள் போய்விட்டது.

அவள் மோட்டாருக்குப் பின்னால் குந்தியிருந்தாள். என் சட்டையின் கையை வாயில் வைத்துக் கடித்திருந்தாள். கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு வந்தோம். வீட்டில் தண்ணீர் குடித்த பிறகு மகளைப் பார்த்துத்தான் கேட்டாள்:

"மேப்பு சுத்தமா இருந்துச்சேடி. நல்லாப் பாத்துட்டுத்தான போனேன்?"

மகள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். "இனிமே சரி பண்ணிடுறேம்மா" என்றாள் மகள். என் பழியைத் தன் தலையில் வாங்கிக்கொண்டாள்.

அந்த நேரம் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். மூன்று நாள் திறக்கவில்லை. என் மனைவி கம்பெனியில் பெண்களிடம் சொல்லிவிட்டாள், மேப்பை நம்பாதீர்கள் என்று. அவர்களும் பார்ப்பதை விட்டுவிட்டார்கள். பார்ப்பதைத்தான் விட்டார்கள், ஏரிக்கரையில் நடப்பதை விடவில்லை. மெயின் ரோடு சுற்றினால் வேலைக்கு நேரமாகிவிடும் அல்லவா? மூன்றாம் நாள் காலை, மேப்பில் உடைஞ்ச பாலத்தில் மூன்று சிவப்புத் தடமும் ஒரு சின்னத் தடமும் இருந்தன. பனிக்குள் இரண்டு பெண்கள் பேசிச் சிரித்துக்கொண்டு அந்தப் பக்கமாகப் போவதை மாடியிலிருந்து பார்த்தேன். இறங்கி ஓடி, கத்தித் திருப்பிக் கூட்டிவந்தேன். மூச்சு இரைக்க வீட்டுக்குள் வந்து என் மனைவி முன்னால் நின்றேன். கூடை, தேங்காய், கற்பூரம், எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் அறுத்துக்கொண்டிருந்த வெங்காயத்தை அறுத்து முடித்தாள்.

"மொதல்ல பிள்ளையாருக்குச் சொன்னீக. சரி. அவரு எனக்கு ஃபோன் போட்டுச் சொல்லிருவாருன்னு நெனச்சீகளா?"

நான் குனிந்து வெங்காயத் தோலைக் கூட்டி அள்ளினேன்.

"போட்டாருங்க. பாட்டாவே போட்டாரு" என்றாள். சிரிக்கவில்லை. "எங்கிட்டச் சொன்னா பத்தாது. கம்பெனி கேட்டுக்கு வாங்க. அத்தன பேருகிட்டயும் ஒங்க வாயால சொல்லுங்க. எம் மக போட்ட மேப்பு தப்பில்லன்னு சொல்லுங்க."

போனேன். ரோஜாக் கட்டுகளோடு நின்ற முப்பது பெண்களுக்கு முன்னால் சொன்னேன். ஒரு பெண், தர்மபுரிக்காரி, "ஏன் அண்ணா, தேங்காய ஒரு கையில ஒடைச்சுக்கினே இன்னொரு கையில ஃபோன அமுக்குறதுதானே? ரெண்டு கை எதுக்குக் கீது?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவி சிரிக்கவில்லை. கொல்லைக்காரரிடமும் போய்ச் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, "விரல்ல தொடறது வாயில சொல்றது ஆகாது. ஸ்வாமிக்குக் கோவம் வராது" என்றார். அவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கச் சொல்லி மகளிடம் தானே கேட்டார்.

மகள் மேப்பை மாற்றினாள். "க்ளீனா இருந்தா யானை இல்லேன்னு நெனைக்கிறாங்க. யாரும் இன்னும் பாக்கலன்னாலும் அது க்ளீனாத்தானே இருக்கு. தப்பு எம்பேர்லயும் இருக்குப்பா" என்றாள். இப்போது தினமும் சாயங்காலம் ஆனதும் பதினோரு பேரின் பதினோரு பக்கமும் சாம்பல் நிறமாகிவிடும். விடியுமுன் அந்தந்த ஆள் வெளியே போய், கண்ணால் பார்த்து, 'பார்த்தேன்' என்று தொட்டால்தான் சாம்பல் விலகும். சாம்பல் கிடக்கிற பக்கம் பூக் கம்பெனிப் பெண்கள் யாரும் கால் வைப்பதில்லை.

கற்பூரத்தை நான் விடவில்லை. தடம் இருந்தால் முதலில் விரல், பிறகு கூடை, பிறகு கோயில். சாமி பொறுத்துக்கொள்வார் என்று நம்புகிறேன். பயம்தான் குறையவில்லை. கூடியிருக்கிறது என்றுகூடச் சொல்லலாம்.

இன்று காலையும் அப்படித்தான். டார்ச்சை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். சுவர் ஓரம், குழாய் ஓரம், ராகிப் போர் மறைவு, ஏரிப் பக்கம். ஒன்றும் இல்லை. கட்டை விரலை 'பார்த்தேன்' மேல் கொண்டுபோய்விட்டு எடுத்தேன். போர் மறைவைச் சரியாகப் பார்த்தேனா? திரும்பப் போய்ப் பார்த்தேன். என் மனைவி சட்டையை மாட்டிக்கொண்டு, ஃபோனைப் பிடித்தபடி பின்வாசலில் நின்றாள்.

"இன்னும் சாம்பலாவே இருக்குங்க" என்றாள்.

"இரு" என்றேன். மூன்றாவது முறையாக டார்ச்சைத் திருப்பினேன். அவள் அவசரப்படுத்தவில்லை, நின்றாள்.